வீட்டுமனையில் ஒரு தையற்கடை

தையல் மெஷின் மேசைமீது அந்தக் காகிதத்தை விரித்தார். சுருண்டுகொண்டே இருந்தது. நான்கு மூலையிலும் நான்கு நூல்கண்டுகளை வைத்து அமர்த்திவிட்டு, "இதாங்கண்ணா, பாருங்க" என்றார். நாம் குனிந்து பார்த்தோம். ஒரு செவ்வகம். அதற்குள் சின்னதாக இன்னொரு செவ்வகம். ஓரத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று காட்டும் அம்புக்குறி. கீழே நகராட்சியின் அனுமதி எண்ணும் தேதியும். இவ்வளவுதான். இந்த ஒரு தாளுக்காக அவர் ஒரு வருடமும் இரண்டு மாதமும் நடந்திருக்கிறார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை, அவரே கேட்டுக்கொண்டார். நம் மாவட்டத்தில் அண்மையில் நகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஓர் ஊராட்சியின் காலனியில் இருப்பவர். வயது முப்பத்தைந்துக்குள். பத்து வருடத்துக்கு மேலாகத் தைக்கிறார். பிளவுஸ், பள்ளிச் சீருடை, பழைய துணியைப் பிரித்துத் தைப்பது எல்லாம் உண்டு. கடைத்தெருவில் வாடகைக்கு எடுத்திருந்த அறையை இரண்டு வருடத்துக்கு முன் காலி செய்ய வேண்டியதாயிற்று. கட்டட உரிமையாளர் மாறினார். புதியவர் முதல் வாரமே கேட்ட கேள்வி, "நீங்க எந்தத் தெரு?" என்பது. அடுத்த மாதம் வாடகை இரண்டு மடங்கானது. பக்கத்தில் காலியாக இருந்த வேறு மூன்று கடைகளையும் கேட்டுப் பார்த்திருக்கிறார். காலையில் "இருக்கு" என்றவர்கள் மாலையில் "சொந்தக்காரருக்குக் கொடுத்தாச்சு" என்றார்கள். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. நமக்குத்தான் வந்தது.

அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது: மாமியார் பெயரில் மூன்று சென்ட் மனை இருக்கிறது. பாதியில் ஓட்டுவீடு. முன்பக்கம் காலி. அதில் ஒரு கடை கட்டினால் என்ன?

"கடை கட்ட எதுக்கு அனுமதி? நம்ம காலனியில யாரு பிளான் போட்டு வீடு கட்டுனா?" என்று கேட்கும் வாசகர்கள் இருப்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் நிலைமை மாறிவிட்டது. 2024இல் மட்டும் புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி நான்கும் மாநகராட்சிகள் ஆயின. எல்லா மாவட்டங்களிலும் நகரத்தை ஒட்டிய ஊராட்சிகளை நகரம் விழுங்கிக்கொண்டு வருகிறது. ஊராட்சியாக இருந்தபோதும் கட்டட அனுமதி வேண்டும் என்றுதான் சட்டம் சொன்னது, கேட்க ஆளில்லை. நகரம் வந்ததும் கேட்க ஆள் வந்துவிட்டது. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநகராட்சிக்கும் ஊராட்சிக்கும் பொது. அனுமதியில்லாமல் கட்டினால், 1971ஆம் ஆண்டின் நகர ஊரமைப்புச் சட்டப்படி வேலையை நிறுத்தச் சொல்லவும், பூட்டி முத்திரை வைக்கவும் அதிகாரம் இருக்கிறது.

அந்த அதிகாரம் எந்தத் தெருவில் முதலில் பாயும் என்பதைக் காலனிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடைத்தெருவில் சாக்கடைமேலே படிக்கட்டு ஏறியிருக்கும். அதற்கு யாரும் மனு எழுத மாட்டார்கள். காலனியில் ஹாலோபிளாக் கல் வந்து இறங்கினால் மறுநாள் மனு போகும். ஆகவே, நமக்குக் காகிதம் மற்றவர்களைவிட அதிகமாகவே வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணம் கடன். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்காக 2023இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 விழுக்காடு மானியம் உண்டு. மானியத்தின் உச்சவரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய். வட்டியிலும் 6 விழுக்காடு அரசு ஏற்கிறது. மீதி 65 விழுக்காடு வங்கிக் கடன் என்பதால் கைக்காசு போட வேண்டியதில்லை. 55 வயது வரை விண்ணப்பிக்கலாம்; மாவட்டத் தொழில் மையத்தில் கேட்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இவர் வங்கிக்குப் போனபோது மேலாளர் முதலில் கேட்டது மூன்று: பட்டா, வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம். மூன்றும் இல்லை. கடன் கேட்கப் போனவர் அங்கிருந்து நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தார்.

மாணவர்களுக்காக ஒரு வார்த்தை. கட்டட வரைபடம் வேறு, மனை வரைபடம் வேறு. முன்னது கட்டடத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும்: கதவு, ஜன்னல், படி, கழிப்பறை. மனை வரைபடம் அந்த நிலம் ஊரில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லும். நான்கு எல்லையிலும் யார் நிலம், புல எண் என்ன, எதிரே உள்ள சாலை எத்தனை அடி, சாலையிலிருந்தும் பக்கத்து மனையிலிருந்தும் எத்தனை அடி காலியாக விட்டுக் கட்டடம் எழும்புகிறது, மழைநீர்க் குழி எங்கே, கழிவுநீர் எங்கே போகிறது. கட்டட வரைபடத்தைப் பொறியாளர் அறையிலேயே உட்கார்ந்து போட்டுவிடலாம். மனை வரைபடத்தை அப்படிப் போட முடியாது. அது நிலத்தின் வரலாற்றைக் கேட்கிறது. சேரிக்காரர்களுக்குச் சிக்கல் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

பதிவுபெற்ற பொறியாளர் ஒருவரிடம் போனார். அவர் நல்ல மனிதர்தான். நல்ல எண்ணத்தோடுதான் அந்த யோசனையையும் சொன்னார்: "ஏம்மா கடைன்னு போடறே? வீடுன்னு போட்டுடு. சுயசான்றுல உடனே வந்துடும். கட்டினப்புறம் முன்ரூம்ல மெஷினைப் போட்டுக்க. யாரு கேக்கப்போறா?"

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோருக்காக வந்தது. அலைச்சல் இல்லாத, நல்ல திட்டம். ஆனால் வீடு என்று வாங்கிய அனுமதியில் கடை நடத்தினால் வங்கி அதைக் கடையாக ஏற்காது. வீட்டு மின் இணைப்பில் கடை ஓடினால் மின்வாரியம் முறைகேடு என்று இரு மடங்கு கட்டணம் போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மனு எழுதக் காத்திருப்பவனுக்குக் கையில் பேனாவைக் கொடுத்த மாதிரி ஆகும். நாம் இதையெல்லாம் எடுத்துச் சொல்லும் முன்பே அவர் முடிவெடுத்திருந்தார். "கடைதானே கட்டறேன், கடைன்னே போடுங்க சார்" என்று பொறியாளரிடம் சொல்லிவிட்டாராம்.

பொறியாளர் ஒற்றைச் சாளர இணையதளத்தில் பட்டா எண்ணைப் போட்டார். நிலம் வேறொருவர் பெயரில் வந்தது.

இது இவர் ஒருவருக்கு நேர்ந்த கதை இல்லை. தமிழ்நாடு முழுக்க ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மனைகளில் அடிக்கடி காணும் கதை. 1978ஆம் ஆண்டின் 31ஆவது சட்டம், அரிசன நலத் திட்டங்களுக்காக நிலம் எடுக்கும் சட்டம், பல காலனிகளுக்குத் தாய்ச்சட்டம். யாரோ ஒரு பட்டாதாரரின் நிலத்தை அரசு விலை கொடுத்து எடுத்து, மனையாகப் பிரித்து, குடும்பத்துக்கு இரண்டு சென்ட், மூன்று சென்ட் என்று கொடுத்தது. அமைச்சர் வந்தார், பந்தல் போட்டார்கள், பட்டா கையில் கொடுத்தார்கள். ஆனால் கிராமக் கணக்கில் அந்த உட்பிரிவை ஏற்றாமலே விட்ட ஊர்கள் ஏராளம். காகிதத்தில் இருந்த வரைக்கும் இது தெரியவில்லை. கணக்கு கணினிக்கு ஏறியபோது பழைய பட்டாதாரர் பெயரே ஏறிவிட்டது. முப்பது வருடம் குடியிருந்தவர், வரி கட்டியவர், பிள்ளை பெற்று வளர்த்தவர் கணினிக்குத் தெரியாது.

நில விஷயத்தில் நமக்கு இது பழைய நோய். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் பறையர் நிலைபற்றி அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் கிடைத்தது. பின் அது கைமாறிப் போன கதையை இந்தப் பக்கத்தில் பலமுறை பேசியிருக்கிறோம். கொடுத்ததாக ஆணை இருக்கும். கையில் நிலம் இருக்காது. இங்கே தலைகீழ். நிலம் கையில் இருக்கிறது, கணக்கில் இல்லை.

அவர் மாமியாரின் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். 1996ஆம் ஆண்டின் மனைப்பட்டா, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி இருந்தது. மாமியார் இறந்து பத்து வருடமாகிறது. வாரிசுச் சான்று வாங்கினார். நாத்தனார் சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கேட்ட அன்றே கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்; எல்லாக் குடும்பத்திலும் அப்படி நடப்பதில்லை. ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். நான்கு மாதம் பதிலே இல்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதித் தந்தோம். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி. "ஏன் தாமதம்?" என்று அதில் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நிர்வாகக் காரணம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இந்தத் தேதியில் கொடுத்த மனு இன்று எந்த அலுவலர் மேசையில் இருக்கிறது, ஒவ்வொரு மேசையிலும் எத்தனை நாள் இருந்தது, கோப்பின் குறிப்புத்தாள் நகல் வேண்டும் என்று கேட்டோம். பதில் தர 30 நாள் இருக்கிறது. பதினெட்டாவது நாளில் நில அளவையர் காலனிக்கு வந்துவிட்டார்.

வந்தவர் சங்கிலி போட்டு அளந்தபோது இன்னொன்று வெளியே வந்தது. துறையின் மனைப்பிரிவு வரைபடத்தில் அவர் மனைக்கு எதிரே உள்ள தெரு 20 அடி. தரையில் இருந்தது 13 அடி. ஏழு அடி எங்கே போயிற்று? தெருவுக்கு அந்தப் பக்கம் வயல். வயல்காரர் வருடத்துக்கு ஒரு முழம் வேலியை நகர்த்தி நகர்த்தி, இப்போது முள்வேலி போய்க் கல்தூண் நிற்கிறது. இத்தனை வருடமும் காலனிக்காரர்களுக்கு அது தெரியும். யாரிடம் சொல்வது? பிணம் தூக்கும்போது பாடை இடித்தால் மட்டும் பேசிக்கொள்வார்கள்.

தெரு குறுகினால் அந்தச் சுமை அவர் வரைபடத்தில் வந்து விழும். எவ்வளவு கட்டலாம், எதைக் கட்டலாம் என்பதெல்லாம் சாலையின் அகலத்தையும் பார்த்துத்தான் முடிவாகிறது. ஆக, அடுத்தவர் தின்ற ஏழு அடிக்கு இவர் கடையைச் சுருக்க வேண்டுமா? வயல்காரரோடு சண்டைக்குப் போகவில்லை. அளவையரின் அறிக்கையில் மனைப்பிரிவுப்படி 20 அடி, தற்போது ஆக்கிரமிப்பு 7 அடி என்று எழுத வைத்தோம். எழுத வைக்க இரண்டு நாள் ஆயிற்று. "ஏம்மா வம்பு" என்றார் அளவையர். தெருவில் இருந்த பெண்கள் பதினைந்து பேர் சங்கிலியைச் சுற்றி நின்றதால் எழுதினார். அந்த ஒரு வரி இன்று மொத்தக் காலனிக்கும் ஆவணம்.

அடுத்து நகராட்சி. ஒரு சின்னக் கடைக்கு நகர ஊரமைப்பு இயக்ககம் வரை போக வேண்டியதில்லை. உள்ளாட்சியே அனுமதி தரலாம். அங்கே கேட்ட கேள்வி: "இது வீட்டுமனைப் பட்டா. வீடு கட்டத்தானே கொடுத்தது? கடை எப்படி?"

கேள்வியில் சட்டம் கொஞ்சம் இருக்கிறது. ஒப்படை ஆணைகளில் நிபந்தனைகள் உண்டு: இத்தனை காலத்துக்குள் வீடு கட்ட வேண்டும், இத்தனை வருடம் விற்கக் கூடாது என்று. ஆணைக்கு ஆணை அவை வேறுபடும். ஆகவே பட்டாவின் பின்பக்கத்தையும் ஆணையையும் எடுத்துப் படிக்காமல் யாரும் கடைக்கால் தோண்ட வேண்டாம். ஆனால் அந்தக் கேள்விக்குள் சட்டம் அல்லாத ஒன்றும் இருக்கிறது. காலனி என்றால் படுத்து எழும் இடம். காலையில் எழுந்து வேறெங்கோ கூலிக்குப் போக வேண்டும் என்ற எண்ணம்தான் அது. ஊர்த்தெருவில் திண்ணை வைத்த வீடெல்லாம் இரண்டு தலைமுறையில் கடையாகிவிட்டது. அதைப் பார்த்து இது குடியிருக்கும் இடமாயிற்றே என்று யாரும் வியக்கவில்லை. கடை என்ற சொல்லுக்குத் தமிழில் வாசல் என்றும் பொருள், அங்காடி என்றும் பொருள், கடைசி என்றும் பொருள். நமக்கு மூன்றாவதை மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

2015-16இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்குச் சொந்தமானவை 12.45 விழுக்காடு. 2011 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகையில் நாம் 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. அந்த 12.45இலும் பெட்டிக்கடையும் தள்ளுவண்டியும் எத்தனை என்று பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

வழி ஒன்று கிடைத்தது. வீடும் கடையும் சேர்ந்த கட்டடமாக வரைபடம் மாற்றப்பட்டது. முன்பக்கம் 12 அடிக்கு 20 அடியில் தையற்கடை. பின்னால் இருக்கும் ஓட்டுவீட்டில் அவர் குடும்பம் குடியிருக்கிறது என்பது வரைபடத்திலேயே தெரியும். வீட்டுக்கென்று கொடுத்த மனையில் வீடும் இருக்கிறது, பிழைப்பும் இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் அக்கம்பக்கத்துக்கு வேண்டிய சிறு கடைகள் கூடாது என்று திட்டமிடல் விதிகள் என்றுமே சொன்னதில்லை. சென்னைப் பெருநகருக்கான 2008ஆம் ஆண்டு விதிகளிலேயே, ஒருவர் மட்டும் இருந்து தைக்கும் தையற்கடையைப் பெயர் சொல்லி அனுமதித்திருந்தார்கள். விதி எழுதியவருக்கு அந்தத் தையற்காரர் தெரிந்திருக்கிறார். தனி வட்டாட்சியரிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் வாங்கி இணைத்தோம்.

கோப்பு நகரும் நேரத்தில் எதிர்பார்த்த மனு வந்தது. அரசு புறம்போக்கில் கட்டப் பார்க்கிறார், பட்டா போலி என்று. கையெழுத்து இல்லாத மனு இல்லை. தைரியமாகப் பெயர் போட்டே வந்தது. கோப்பு மறுபடி நின்றது. இங்கே நம் பிள்ளைகள் ஒரு சட்டப்பிரிவைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்றாலே அடிதடி, இழிசொல் என்றுதான் நினைக்கிறோம். அதன் 3(1)(q) பிரிவு, பொய்யான தகவலை அரசு ஊழியருக்குக் கொடுத்து, அவருடைய அதிகாரத்தைக் கொண்டே பட்டியல் சாதியினருக்குத் தீங்கு செய்வதைக் குற்றம் என்கிறது. 2015 திருத்தத்துக்குப் பின், எல்லோருக்கும் உரிமையுள்ள தொழிலையோ வியாபாரத்தையோ செய்யவிடாமல் தடுப்பதும் 3(1)(za) பிரிவில் வருகிறது. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு 4ஆவது பிரிவு இருக்கிறது. (மனு பொய் என்று தெரிந்தே கொடுத்ததா என்பதை நிரூபிக்க வேண்டும், எடுத்த எடுப்பில் வழக்குப் போடச் சொல்லவில்லை.) நாம் செய்தது ஒரு கடிதம். அளவையர் அறிக்கையை இணைத்து, பிரிவுகளைக் குறிப்பிட்டு, ஆணையருக்கு ஒன்று, மனு கொடுத்தவருக்குப் பதிவஞ்சலில் ஒன்று. மனு கொடுத்தவர் மறு வாரம் தான் விசாரித்ததில் தவறு என்று தெரிந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் பெயரையும் நாம் இங்கே எழுதவில்லை.

பிறகு எல்லாம் வழக்கம்போல. காலிமனை வரி நிலுவை, உரிமக் கட்டணம், தொழிலாளர் நல நிதி. பக்கவாட்டில் அரை அடி குறைகிறது என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். மழைநீர்க் குழி வரைபடத்தில் விட்டுப்போனது என்று இன்னொரு முறை. இந்த இரண்டிலும் நகராட்சி மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிழை நம் பக்கம். பொறியாளர் முதலில் சொன்ன கூலிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. மேசைக்கு அடியில் எதுவும் கேட்டார்களா என்று நாம் அவரிடம் கேட்டோம். சிரித்தார். "கேட்டாங்க. தகவல் உரிமை மனு நகலைக் கோப்பு மேலயே குத்தி வெச்சிருந்தேன். அப்புறம் கேக்கல."

கடை இன்னும் கட்டவில்லை. வங்கியில் இப்போது அடுத்த சுற்று தொடங்கியிருக்கிறது. ஒப்படை மனையை அடமானமாக ஏற்பதில் ஒரு கேள்வி, அதற்கு ஒரு கடிதம், அதற்கு ஓர் ஒப்புதல் என்று. அதையும் பின்னொரு வாரம் எழுதுவோம். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பம் பதிவாகிவிட்டது. கடைக்கால் போட வேண்டிய இடத்தில் நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருக்கிறார். கயிற்றில் துணி காய்கிறது.

நாம் கிளம்பும்போது தெருவில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். கோழிக்கறிக் கடை வைக்க விரும்பும் ஓர் இளைஞர், ஜெராக்ஸ் கடை யோசனையில் இருக்கும் கல்லூரி மாணவி, சும்மா வேடிக்கை பார்க்க வந்த ஒரு பெரியம்மா. எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் உறையில் பழைய பட்டா. மாணவி தன் பாட்டி பெயரில் உள்ளதை உறையிலிருந்து எடுத்து, பின்பக்கம் திருப்பி, வெயிலில் பிடித்து, மங்கிப்போன எழுத்தைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். "நிபந்தனை ஒன்று..."